மார்பில் அடிபட்டால்: கபடி ஆடும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பழக்குபவர்களுக்கும்

கணுக்கால் பிசகினால் பிள்ளை களத்திலேயே உட்கார்ந்து கத்துவாள். விரல் மடங்கினால் ஓடிவந்து நீட்டிக் காட்டுவாள். மார்பில் முழங்கை பட்டால் மட்டும் திரும்பி நின்று, காலில் முள் குத்தியதுபோலக் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடியும் தன் இடத்துக்கு வந்துவிடுவாள். கேட்டால், "ஒண்ணுமில்ல டீச்சர்" என்பாள்.

நான் கன்னியாகுமரி ஜில்லாவில் கருங்கல் பக்கத்துக்காரி. பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றாயிற்று. இப்போது சாயங்காலங்களில் ஒரு தென்னை விளையில் (தோப்பில்) பெண்பிள்ளைகளுக்குக் கபடி பழக்குகிறேன். என் காலத்தில் நானும் கார்னரில் (களத்தின் ஓரத்தில்) நின்று, பாடிவருகிறவளின் கால் பிடித்தவள்தான். ஆடுகிற பிள்ளைகளுக்கும், விளையோரம் காத்திருக்கிற அம்மைமாருக்கும், பெண்கள் அணியைப் பழக்குகிற ஆண் கோச்சுகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். கடலோரத்தில் கால்பந்து ஆடுகிற பிள்ளைகளுக்கும், குத்துச்சண்டை, ஜூடோ என்று போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஒளிப்பது நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பல விளையாட்டுகளைச் சேர்ந்த உயர்மட்ட வீராங்கனைகளிடம் கேட்டுப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் மார்பில் அடிபட்டிருப்பதாகச் சொன்னார்கள். அதைக் கோச்சிடமோ டாக்டரிடமோ சொன்னவர்கள் மிகக் குறைவு. 2010 குவாங்சௌ ஆசிய விளையாட்டில்தான் பெண்கள் கபடி முதன்முதலாகச் சேர்ந்தது. தங்கமும் நமக்குத்தான் வந்தது. அதற்குப் பிறகு வெயிட் டிரெய்னிங் வந்தது, பிள்ளைகள் டேஷ் அடிக்கிற (உடம்பால் மோதித் தள்ளுகிற) வேகமும் கூடிவிட்டது. முதலுதவிப் பெட்டியில் மட்டும் இன்னும் கணுக்காலுக்கும் முட்டுக்கும்தான் இடம்.

முதலில் கேட்கப் பழகுங்கள்

இதில் உள்ளதிலேயே கடினமான வேலை இதுதான். மருந்தும் ஐஸும் அப்புறம். பயிற்சி முடிந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது நான் தினமும் ஒரே ராகத்தில் கேட்பேன்: "காலு? முட்டு? தோளு? மார்பு?" நாலாவது சொல்லில் குரலைத் தாழ்த்துவதில்லை. முதலில் கொஞ்ச நாள் சிரிப்பார்கள். சிரித்து முடியட்டும். பிறகு ஒருத்தி, "டீச்சர், டேஷில சுமதிக்க முட்டுகை எனக்க நெஞ்சில கேறிச்சு" என்று எல்லார் முன்னாலும் சாதாரணமாகச் சொல்வாள். அவள் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் வாய் திறந்துவிடும்.

ஆண் கோச் என்றால் இந்தக் கேள்வியை அணியின் மூத்த பிள்ளை ஒருத்தியிடமோ, கூட வருகிற ஓர் அம்மையிடமோ ஒப்படையுங்கள். அவளுக்கு முதலுதவி சொல்லிக்கொடுங்கள். அடிபட்ட இடத்தை நீங்கள் பார்க்கவே வேண்டியதில்லை, தொடவும் கூடாது. ஆனால் பிள்ளை சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். "சரி மக்களே, வெளிய வந்து இரி, அக்கா ஐஸ் தருவா" என்ற ஒரு வாக்கியம் போதும். ஆடுகளத்தில் ஒரு மறைப்பு இருக்கட்டும். நான் இரண்டு தென்னைக்கு நடுவே கயிறு கட்டிப் பழைய சேலையைப் போட்டிருக்கிறேன்.

ஒரு நோட்டும் வையுங்கள். தேதி, வலதா இடதா, எந்த இடம். இடத்தைக் குறிக்க ஒரு வழி: மார்பைக் கடிகார முகம் என்று நினைத்து, "வலது, மேல், இரண்டு மணி" என்று எழுதலாம். டாக்டர்களும் இப்படித்தான் குறிப்பார்கள். இந்த ஒரு வரி எதற்குப் பயன்படும் என்று கீழே சொல்கிறேன்.

பிரா

மார்புக்குள் தசை கிடையாது. கொழுப்பும் பால்சுரப்பிகளும், அவற்றைத் தாங்க மெல்லிய நார்களும், வெளியே தோலும்தான். தசை எல்லாம் அதற்குப் பின்னால், விலாமேல் இருக்கிறது. ஆகவே தண்டால் எடுத்தால் மார்பின் ஆட்டம் நின்றுவிடும் என்பது வீண் நம்பிக்கை. ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசைகிறது. கிட்டத்தட்ட எட்டு (8) வடிவத்தில் ஆடுகிறது. அந்த நார்கள் நீண்டுவிட்டால் பழையபடி சுருங்காது. இதைத் தாங்குவதற்கென்று ஒரு உடுப்பு வந்ததே 1977-ல்தான். அமெரிக்காவில் மூன்று பெண்கள், ஆண்கள் அணிகிற ஜாக்ஸ்ட்ராப் இரண்டை வெட்டிச் சேர்த்துத் தைத்துப் பார்த்த முதல் மாதிரி அது. நம் பிள்ளைகள் பலர் இன்னும் திருவிழாக் கடையில் வாங்கிய லேஸ் வைத்த பிராவோடுதான் ரைடு (எதிரணிப் பக்கம் பாடி) போகிறார்கள்.

நாகர்கோவில் மீனாட்சிபுரத்திலோ மார்த்தாண்டம் மார்க்கெட்டிலோ கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் "என்ன சைஸ்?" என்று கேட்பார். அங்கே நின்று யோசித்தால் வாய்க்கு வந்த எண்தான் வெளியே வரும். வீட்டிலேயே அளந்துவிட்டுப் போங்கள். தையல்காரர் வைத்திருக்கிற இஞ்ச் டேப் போதும். மூச்சை வெளியே விட்டுவிட்டு, மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி டேப் தரைக்கு இணையாக இருக்கும்படி இறுக்கமாகப் பிடித்து அளக்கவும். அதற்கு நெருக்கமான இரட்டைப்படை எண்தான் பட்டையின் அளவு. அடுத்து மார்பின் முழுமையான இடத்தில், இறுக்காமல் அளக்கவும். இரண்டுக்கும் ஓர் அங்குல வித்தியாசம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால், அளவு ஒரு தொடக்கம். போட்டுப் பார்ப்பதுதான் முடிவு.

போட்டுப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். அணிந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கவும். கீழ்ப்பட்டை மேலேறினால் அது பெரிது. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். உள்ளங்கையே நுழைந்தால் தளர்ச்சி. தாங்குகிற வேலையில் பெரும்பங்கு இந்தக் கீழ்ப்பட்டைக்குத்தான். தோள்வார் துணை மட்டுமே. வாரை இழுத்து இழுத்து இறுக்கித் தோளில் பள்ளம் விழுந்த பிள்ளைகளைப் பார்த்தால், பட்டை தளர்ச்சி என்று அப்போதே சொல்லிவிடலாம். பிறகு அந்த இடத்திலேயே பத்துக் குதி குதிக்கவும், ஆழமாக மூச்சிழுத்து "கபடி கபடி" என்று பாடிப் பார்க்கவும். பாட்டுக்கு மூச்சு முட்டினால் வேண்டாம். நம் ஆட்டமே மூச்சில்தான் இருக்கிறது.

கம்பி வைத்த பிரா தொடுவிளையாட்டுக்கு ஆகவே ஆகாது. பிடியில் கம்பி துணியைக் கிழித்து வெளியே வந்து உங்களையும் குத்தும், பிடிக்கிறவளையும் குத்தும். முதுகில் உலோகக் கொக்கி உள்ளது மல்லாந்து விழும்போது தோலை உரசும். அப்படியே வாங்க நேர்ந்தால் கொக்கிக்கு அடியில் மெத்தையான துணிப்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன மார்பென்றால் அழுத்திப் பிடிக்கிற வகை போதும். பெரிய மார்பென்றால் இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் தாங்குகிற வகை தேவை. அது கிடைக்காவிட்டால் அளவான பிராவின் மேல் ஒரு அழுத்தப் பிரா போடலாம்; மூச்சுச் சோதனையில் அது தேற வேண்டும். கிரேப் பேண்டேஜைச் சுற்றிக் கட்டுவதை மட்டும் அனுமதிக்க மாட்டேன். விலா விரியாது, தோல் வெந்துபோகும்.

நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா விலை கூடுதல்தான். "இதுக்கு இவ்வளவா" என்று கேட்கிற அம்மைமாருக்கு நான் சொல்வது, ஷூவுக்குக் கேட்டீர்களா?

துவைப்பதிலும் ஒரு வழக்கத்தை மாற்ற வேண்டும். உள்ளாடையைத் துண்டுக்கு அடியில் ஒளித்து, கதவுக்குப் பின்னால் காயப்போடுவது. நம் ஜில்லாவுக்கு இரண்டு மழைக்காலம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) முடிந்து மூச்சு விடுவதற்குள் துலா மழை (வடகிழக்குப் பருவமழை) வந்துவிடும். ஈரம் உலராத எலாஸ்டிக்கில் பூஞ்சை குடியேறும். அதையே போட்டு வியர்த்தால் மார்புக்கடியில் சிவந்து, அரித்து, தோல் உரியும். காற்றோட்டமான நிழலில், திறந்த கொடியில் போடுங்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். இரண்டு செட் வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. இழுத்து விட்டால் பழையபடி திரும்பாத எலாஸ்டிக் என்றால் அதன் காலம் முடிந்தது.

மார்புப் பாதுகாப்புக் கவசம் பற்றிக் கேட்பார்கள். டேக்வாண்டோவில் உடற்கவசம் கட்டாயம். ரக்பியில் பெண்கள் மெல்லிய மார்புப் பட்டை அணிய விதி இடம் தருகிறது. கபடியில் எதிராளியைக் காயப்படுத்தக்கூடிய கடினமான பொருள் எதையும் உடம்பில் வைத்து ஆட முடியாது. ஆகவே நமக்குப் பிராவும் ஆடும் முறையும்தான் கவசம்.

விழுவதும் பிடிப்பதும்

கபடியில் மார்புக்கு அடி மூன்று வழியாக வரும். ரைடர் பிடியை உதறி நடுக்கோட்டைத் தொட நெஞ்சடிக்க விழுவது முதல் வழி. நம் ஊர்ச் சரல் மண்ணில் இது இன்னும் மோசம். விழும்போது ஒரு கை கோட்டுக்கு நீளட்டும். மறு கையின் முழங்கை விலாவோடு ஒட்டி, முன்கை மார்புக்குக் குறுக்கே வரட்டும். உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, தோளும் இடுப்பும் முதலில் தரையைத் தொட வேண்டும். இதை முட்டுப் போட்ட நிலையிலிருந்து மணலில் பழக்குங்கள். கொளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடற்கரையே பாய். உடம்பு பழகிய பிறகு ஓட்டத்திலிருந்து.

இரண்டாவது, டேஷ். மோதுகிறவள் தோளைத் தாழ்த்தி எதிராளியின் இடுப்புக்கும் விலாவுக்கும் நடுவே கொடுக்க வேண்டும். முழங்கை விரிந்து முன்னால் வந்தால் அது நேரே மார்பில் ஏறும். எங்கள் விளையில் முழங்கை விரிந்தால் டேஷ் செல்லாது, பாயிண்ட் கிடையாது என்று விதி வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்தில் கை ஒடுங்கிவிடும். மூன்றாவது, கைகோர்த்து வளைத்துப் பிடிக்கிற செயின் பிடி. ரைடர் நடுவில் சிக்கி, மேலே நாலு பேர் விழுகிற குவியல். பயிற்சியில் விசிலுக்குப் பிறகு ஒருத்தியும் மேலே விழக் கூடாது.

நகத்தை ஒட்ட வெட்டச் சொல்வது கபடி விதியிலேயே உள்ளது. மார்பில் வருகிற கீறல்கள் பெரும்பாலும் நகத்தால்தான் என்பதால், மேட்ச் அன்று காலையில் நானே கையைப் பிடித்துப் பார்ப்பேன்.

கால்பந்துப் பிள்ளைகளுக்கு ஒன்று. நெஞ்சில் பந்தை வாங்கும்போது காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, மார்பு தொடங்குவதற்கு மேலே வாங்கப் பழகுங்கள். பந்து தொடும் நொடியில் உடம்பு கொஞ்சம் பின்வாங்க வேண்டும். 410 முதல் 450 கிராம் எடையுள்ள பந்து, மழையில் நனைந்தால் இன்னும் கனம்.

அடிபட்ட உடனே

முதலில் மார்பை மறந்துவிட்டு மூச்சைப் பாருங்கள். நெஞ்சில் அடிபட்ட பிள்ளை அப்படியே சுருண்டு விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல், மூச்சும் சரியாக இல்லாவிட்டால், அது மார்புக் காயம் அல்ல. இதயத் துடிப்பு தடைப்பட்டிருக்கலாம். அரிதாக நடக்கும். அப்போது ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து வேகமாக, அழுத்தமாக அமுக்கத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பெண்பிள்ளை என்று ஒரு நொடிகூடத் தயங்கக் கூடாது, ஆண் கோச்சும்தான்.

மூச்சிழுக்கும்போது குத்தினாலோ, மூச்சு வாங்கினாலோ, எலும்பைத் தொட்டால் சுரீரென்றாலோ விலா எலும்பு விரிசல் விட்டிருக்கலாம், நுரையீரலும் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆட்டம் அங்கேயே முடிந்தது, ஆஸ்பத்திரி.

இவை இல்லை, வலியும் வீக்கமும் மட்டும் என்றால் ஐஸ். கடலோரத்தில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மீன் ஐஸை நேரே வைக்காதீர்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரை நனைத்த தோர்த்தில் (மெல்லிய துண்டில்) சுற்றி வையுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் பெட்டிக்கடைச் சிப்பப் (கவரில் வரும் ஐஸ்) நாலு வாங்கித் தோர்த்தில் சுற்றினாலும் வேலை நடக்கும். பிறகு குடித்தும் கொள்ளலாம். பத்து முதல் பதினைந்து நிமிடம், காம்பின்மேல் படாமல். முதல் இரண்டு நாள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை. தாங்கிப் பிடிக்கிற பிரா போட்டபடி இருக்க வேண்டும், தூங்கும்போதும் மென்மையான ஒன்று. வலிக்குப் பாராசிட்டமால், வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில். ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும்.

எண்ணெய் போட்டு உழியக் கூடாது, அதாவது தேய்த்துவிடக் கூடாது. இதை நம் ஜில்லாவில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிசகுக்கும் சுளுக்குக்கும் நானே பிள்ளைகளை நாட்டு வைத்தியரான ஆசானிடம் அனுப்பியிருக்கிறேன். அவர் கை பட்டு எழுந்து நடந்தவர்கள் உண்டு. ஆனால் மார்பில் புதிதாக ரத்தம் கட்டியிருக்கும்போது உழிந்தாலோ, சூடான கிழி வைத்தாலோ உள்ளே கசிவு கூடும். வீட்டில் பாட்டி தைலத்தோடு வந்தால் அன்போடு வாங்கிக் காலில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

தோல் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் மறையும். ஓடும்போதும் குதிக்கும்போதும் கையைத் தூக்கும்போதும் வலி இல்லையென்றால் ரைடு பயிற்சிக்குத் திரும்பலாம். டேஷும் செயினும் அதற்கும் சில நாள் கழித்து.

எப்போது டாக்டரிடம்

வீக்கம் கண்முன்னால் பெருகித் தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்தால் அன்றைக்கே. பிளந்த காயம், கடித்த காயம் இருந்தாலும் அன்றைக்கே. சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் தாமதம் வேண்டாம். காம்பிலிருந்து ரத்தம் வந்தாலும், தோல் குழிந்தாலும், ஆரஞ்சுத் தோல்போலத் தடித்தாலும், காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டாலும் காத்திருக்காதீர்கள். கட்டி மூன்று நான்கு வாரத்தில் கரையாமல் நின்றாலும், அதற்குள் பெரிதானாலும் போக வேண்டும்.

அடிபட்ட கொழுப்பு உள்ளே செத்து, சில வாரமோ சில மாதமோ கழித்துக் கெட்டியான உருண்டையாகத் தென்படுவது உண்டு. தீங்கில்லாதது. ஆனால் கைக்கும், சில சமயம் ஸ்கேனுக்கும்கூடப் புற்றுநோய்க் கட்டிபோலவே தோன்றும். "இந்தத் தேதியில், இந்த இடத்தில் அடிபட்டது" என்று நோட்டைப் பார்த்துச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. இளம் பிள்ளைகளுக்குப் பொதுவாக முதலில் எடுப்பது அல்ட்ராசவுண்ட்தான். அதில் கதிர்வீச்சு இல்லை. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் சர்ஜரி ஓ.பி.யில் காட்டலாம். லேடி டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். இல்லாவிட்டால் பரிசோதனையின்போது நர்ஸோ அம்மையோ கூட நிற்க வேண்டும் என்று கேளுங்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

விளையோரம் அம்மைமார் என்னிடம் குசுகுசுவென்று கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், அடிபட்டா கேன்சர் வருமா?" வராது. அடியால் புற்றுநோய் உண்டாவதில்லை. சாதாரணக் கன்றலால் பிற்காலத்தில் பால் வராமல் போவதும் இல்லை. எனக்குப் பயம் வேறு பக்கம். ஏற்கெனவே இருந்த கட்டியை, அடிபட்டுத் தடவிப் பார்த்தபோதுதான் முதன்முதலாகக் கண்டுபிடிப்பார்கள். "அது கபடியில் பட்டது" என்று சொல்லி மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். கேள்வி கேட்கிற அம்மைமாரிடம் நான் திருப்பிக் கேட்பேன், உங்களுக்கு முப்பது தாண்டியாச்சே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்புப் பரிசோதனை செய்தீர்களா என்று. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது அங்கே இலவசம்.

சின்னச் சின்ன விஷயங்கள்

காம்பு உராய்ந்து வெடிப்பது மழையிலும் நீண்ட பயிற்சியிலும் வரும். வாஸ்லின் மெல்லியதாகத் தடவலாம். ஆனால் கபடியில் உடம்பில் எண்ணெய்ப்பசை பூசி இறங்க விதி அனுமதிப்பதில்லை, ஆகவே மேட்ச் அன்று தோலுக்கான மென்மையான காகித டேப் ஒட்டிக்கொள்வது உத்தமம். ஆட்டம் முடிந்ததும் ஈர பிராவோடு பஸ் ஏறாதீர்கள். பெண்ணுக்குத் தனி அறை தராத மைதானம் என்றால், போட்டி நடத்துகிறவர்களிடம் நுழைவுப் படிவம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மாதவிடாய்க்கு முந்தின வாரம் மார்பு கனத்து, தொட்டாலே வலிக்கும். அந்த வாரம் டேஷ் பயிற்சியில் நிற்காமல் ஓட்டமும் ஃபுட்வொர்க்கும் செய்யலாம். காரணம் கேட்க வேண்டாம். "டீச்சர், இன்னைக்கு டேஷ் வேண்டாம்" என்றால் சரி என்று விட்டுவிடுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வயதில் காம்புக்கடியில் பட்டன்போல ஒரு கெட்டி வரும். ஒரு பக்கம் முதலில், மறு பக்கம் மாதங்கள் கழித்து வருவதும் இயல்பு. அந்த வயதில் லேசான இடியே கண்ணில் நீரை வரவைத்துவிடும். சிம்மீஸுக்குப் பதிலாக மென்மையான அழுத்தப் பிரா அப்போதே தொடங்கலாம். அந்தக் கெட்டியை அமுக்கிப் பார்க்கவோ, கட்டி என்று பயந்து ஊசிபோட்டு எடுக்கச் சொல்லவோ வேண்டாம். வளரவேண்டிய இடம் அதுதான்.

கல்யாணமாகிக் குழந்தை பெற்று, ஓணத்துக்கோ பொங்கலுக்கோ நடக்கிற கிளப் போட்டிக்கு மறுபடி இறங்குகிற அக்காமார் இருக்கிறார்கள். ஆட்டத்துக்குச் சற்று முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டோ பீய்ச்சிவிட்டோ இறங்குங்கள். நிறைந்த மார்பில் அடிபட்டால் வலி அதிகம். பால் கட்டவும் கூடும். அடிபட்ட பிறகும் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். சிவந்து காய்ச்சல் வந்தால் டாக்டர்.

பையில் நான் கூடுதலாக வைத்திருப்பவை: இரண்டு தோர்த்து, காகித டேப், சுத்தமான கவர்கள், பாராசிட்டமால், ஒரு நெயில் கட்டர், மூன்று அளவுகளில் பிரித்திராத ஸ்போர்ட்ஸ் பிரா. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு வாங்குகிற பிள்ளையிடம் துவைத்துத் திருப்பித் தரச் சொல்வதில்லை.